வரி கட்டித் தருவதாகச் சொல்லி 47,720 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்! வலைத்தளம் நடத்துகிறவர்கள் கவனிக்கவும்

பெங்களூரில் வலைத்தளம் நடத்தி விளம்பர வருமானம் பெறும் தமிழர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எதையெதைச் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கோலங்களுக்கென்று ஒரு தளமும் வைத்திருக்கிறேன். மார்கழியில் பார்வையாளர்கள் குவிவார்கள். 2023-24 நிதியாண்டில் டொமைன், ஹோஸ்டிங் செலவு போக கூகுள் விளம்பரங்களால் 2,60,000 ரூபாய் கிடைத்தது. சம்பளத்தைப் போல இதில் முன்கூட்டியே வரிப் பிடித்தம் கிடையாது, நாமேதான் கட்டவேண்டும். ஒழுங்காகக் கட்டிவிட வேண்டும் என்றுதான் சிவாஜி நகர் பக்கம் இருக்கும் ஒரு வரிக்கணக்கு அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்தவன் வாயைத் திறந்ததுமே தமிழ். "எங்கள் ஊரும் தர்மபுரி பக்கம்தான் அக்கா, கவலையை விடுங்கள்" என்றான். என் முன்னாலேயே தாளில் கணக்குப் போட்டான். சம்பளத்துக்கு மேல் வரும் இந்தத் தொகைக்கு 15 சதவீத வரி 39,000, அதற்கு மேல் செஸ் என்னும் கூடுதல் தீர்வை 4 சதவீதம் 1,560, ஆண்டுக்குள்ளேயே தவணையாகக் கட்டவேண்டிய முன்வரியைக் கட்டாததற்கு வட்டி, எல்லாம் சேர்த்து 44,220 என்று எழுதி அடிக்கோடு போட்டான். அந்தக் கணக்கில் இன்றைக்கும் ஒரு பிழை சொல்ல முடியாது. அவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டவனை யார் சந்தேகிப்பார்கள்? "வரி கட்டும் சலானில் ஒரு எண் தவறினாலும் தொல்லை அக்கா. என் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், நானே கட்டுகிறேன்" என்றான். கட்டணம் 3,500 சேர்த்து 47,720 ரூபாய் அனுப்பினேன். மறுநாள் ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்குப் படிவம், போடவேண்டும் என்று போனில் ஆதார் ஓடிபி கேட்டான். சலான் என்று ஒரு படமும் அனுப்பினான்.

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வங்கி அதிகாரி ரிட்டர்ன் ஒப்புகைச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வலைத்தள வருமானம் எங்கே மேடம்?" என்று கேட்டார். படிவ எண் இருக்கும் இடத்தில் ஐடிஆர்-1 என்று இருந்தது! தொழில் வருமானம் உள்ளவர்கள் அந்தப் படிவத்தையே பயன்படுத்தக் கூடாது. ஐடிஆர்-3, அல்லது வரவில் ஒரு பங்கை லாபமாக வைத்துக்கொள்ளும் உத்தேச வருமான முறையில் ஐடிஆர்-4தான் போடவேண்டும். என் சம்பளத்தை மட்டும் காட்டிவிட்டு விளம்பர வருமானத்தை அப்படியே மறைத்திருக்கிறான். வரித்துறைத் தளத்தில் நம் வருமானமும் கட்டிய வரியும் பதிவாகும் ஆண்டுத் தகவல் அறிக்கையை (ஏஐஎஸ்) எடுத்துப் பார்த்தேன். நிறுவனம் பிடித்த வரி இருந்தது, 44,220 ரூபாய்க்கான சலான் இல்லவே இல்லை. அவன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் என் பான் எண் மட்டும் வேறு எழுத்துருவில், சுற்றிலும் வெளுத்துப்போய் இருக்கிறது. யாருடைய சலானிலோ என் எண்ணை ஒட்டியிருக்கிறான்.

எல்லாவற்றையும்விட வயிறு எரிவது இதற்குத்தான். வரித்துறைக் கணக்கில் என் மின்னஞ்சல் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் அவனுடையது. நோட்டீஸ் வந்திருந்தாலும் அவனுக்குத்தான் போயிருக்கும்.

கேட்கப் போனால் முதலில் "ஏஐஎஸ்ஸில் ஏற நாளாகும்" என்றான். ஒரு வருடத்துக்கு முன்னால் கட்டியதாகச் சொன்ன பணம்! பிறகு சர்வர் கோளாறு. அப்புறம் "சார் ஊருக்குப் போயிருக்கிறார்". கடைசியாகப் போனபோது அங்கிருந்த பெண், "உங்கள் பணம் அவருடைய சொந்தக் கணக்குக்குத்தானே போயிருக்கிறது, அலுவலகத்துக்கு அதில் சம்பந்தமில்லை" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். பெயர்ப் பலகை அதேதான், அவன் உட்கார்ந்த நாற்காலியும் அதேதான், பணத்துக்கு மட்டும் சம்பந்தமில்லையாம்.

திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு 2025 ஜனவரி 15-ஆம் தேதியே முடிந்துவிட்டது. இனி கெடு முடிந்தபின் போடும் புதுப்பித்த ரிட்டர்ன்தான் வழி. வரி முழுவதையும் மறுபடி கட்டவேண்டும், ஏறிய வட்டி தனி, 2026 மார்ச் 31-க்குள் போட்டால் இரண்டும் சேர்ந்த தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் வரி. பறிபோன 47,720 ரூபாய் போக இது. நேர்மையாக வரி கட்ட நினைத்தவளுக்கு இந்தத் தண்டனை!

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். காவல் நிலையத்துக்குக் கிளம்பவேண்டும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வரிப் பணத்தை எவன் கையிலும் கொடுக்காதீர்கள். வருமான வரித்துறையின் தளத்தில் பான் எண்ணும் போனும் இருந்தால் நீங்களே கட்டலாம். பிறகு ஏஐஎஸ்ஸில் ஏறியதா என்று பாருங்கள். ரிட்டர்ன் எந்தப் படிவத்தில் போயிருக்கிறது என்று பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். ஆடிட்டர் என்று சொன்னால் பட்டயக் கணக்காளர் கழக உறுப்பினர் எண் கேளுங்கள். 'வரி ஆலோசகர்' என்று பலகை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். இப்போதே உங்கள் கணக்கைத் திறந்து, அதில் யாருடைய மின்னஞ்சலும் போன் எண்ணும் இருக்கின்றன என்று பாருங்கள். பணம் போனது உடனே தெரிந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அதே அலுவலகத்தில் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.