அண்ணா நகர் கட்டமா, ஓ.எம்.ஆர் முட்டுச்சந்தா?

ஊர் விரிய விரியத் தெருக்கள் எப்படித் துண்டாகின்றன என்பதைச் சென்னைக்குள்ளேயே பார்க்கலாம். அண்ணா நகர், 1968 உலக வணிகக் கண்காட்சியை ஒட்டி வளர்ந்த இடம். வீட்டுவசதி வாரியம் மொத்தமாகத் திட்டமிட்டு, சாலைகளைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாக வகுத்து, மனை பிரித்தது. பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் நிலம் விற்க விற்க மனைப்பிரிவு முளைத்தது. ஒவ்வொரு புரமோட்டரும் தன் நிலத்துக்குள் தெரு போட்டு, வெளியே போக ஒரு வழி விட்டதோடு சரி. அந்தத் தெரு முடியும் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமே பக்கத்து மனைப்பிரிவின் தெருவும் முட்டி நிற்கும்.

தெருக்கள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்பதை அளக்க எளிய கணக்கு உண்டு. ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு அல்லது முட்டுமுனை வரையிலான தெருத்துண்டுகளின் எண்ணிக்கையை, சந்திப்புகளும் முட்டுமுனைகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பெரிய சீரான கட்டத்தில் விடை 2-ஐ நெருங்கும். கிளை கிளையாகப் பிரிந்து முட்டி நிற்கும் அமைப்பில் 1-ஐக்கூடத் தொடாது. 1.4 இருந்தால் நல்லது என்பது திட்டமிடுபவர்கள் பலர் வைக்கும் அளவு.

நெரிசல் நேரத்தில்தான் இது உறைக்கும். அண்ணா நகரில் ஒரு அவென்யூ அடைத்துக்கொண்டால் உள்தெருவில் புகுந்து வேறு பக்கம் வெளியே வரலாம். ஓ.எம்.ஆரில் துரைப்பாக்கத்திலிருந்து காரப்பாக்கம் போக, ஒக்கியம் மடு என்ற நீர்வழியைத் தாண்டியே ஆக வேண்டும். மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், கிழக்கே பக்கிங்காம் கால்வாய். ஏற்கெனவே ஒடுங்கிய இடத்தில் சுவர்களும் சேர்ந்தால், பக்கத்துக் கடைக்குப் போகும் வண்டியும் பிரதான சாலையில்தான் ஏற வேண்டும். அதிகம் கஷ்டப்படுவது நடந்து போகிறவர்கள்தான். மாடியிலிருந்து பஸ் ஸ்டாப் தெரியும், ஆனால் கேட் எதிர்ப்பக்கம் இருக்கும்.

முட்டுச்சந்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டலாம். கட்ட அமைப்பின் உள்தெருக்களில் குறுக்கே பாயும் வண்டிகள் அந்த நிம்மதியைக் கெடுத்துவிடும். இருந்தாலும் என் ஓட்டு கட்டத்துக்கே. வண்டியை மட்டும் தடுத்து, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வழி விட்டால் அந்த நிம்மதியும் கிடைக்கும்.

புது மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே, பக்கத்து நிலத்தோடு சேரும்படி எல்லைவரை தெருவைக் கேட்டு வாங்க வேண்டும். வீடு எழும்பியபின் அது நடக்காது. பழைய இடங்களில் இரண்டு குடியிருப்போர் சங்கங்களும் சம்மதித்தால், சுவரில் ஓர் ஆள் நுழையும் கதவு வைத்து, பகலில் திறந்து இரவில் பூட்டிக்கொள்ளலாம்.