போகாமல் விடுவதா, போய்க் கேட்பதா? சர்ச்சைக்குரிய நாட்டில் ஆடப்போகும் வீரருக்கு உள்ள வழிகள்

2034 உலகக் கிண்ணம் சவூதி அரேபியாவுக்கு என்று 2024 டிசம்பர் 11ஆம் திகதி முடிவாயிற்று. போட்டிக்கு வேறு நாடே இல்லை. பீஃபா மாநாட்டில் கைதட்டியே முடித்துவிட்டார்கள். 2022இல் கட்டாருக்கு முன்னால் எழுந்த கேள்வி இனி அந்தக் கிண்ணம் வரை ஓயப்போவதில்லை. மனித உரிமையில் பெயர் கெட்ட நாட்டுக்கு விளையாடப் போகும் நட்சத்திர வீரர் எதிர்ப்புக் காட்ட வேண்டுமா? காட்டுவதென்றால் எப்படி?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதைத் தூரத்து விவகாரமாகப் பார்க்க முடியாது. ஏறாவூர், வாழைச்சேனை, கல்முனைப் பக்கத்தில் வளைகுடாவில் ஒருவர்கூட உழைக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கபீல் (வேலைக்கு அழைத்த பொறுப்பாளர்), இகாமா (வதிவிட அனுமதி), என்.ஓ.சி. (வேலை மாற முதலாளி தரும் சம்மதக் கடிதம்) என்பவை இங்கே விளக்கம் கேட்காத சொற்கள். அதே நேரம், ‘அங்கே விளையாடப் போகாதீர்கள், அவர்களை இங்கே விளையாட விடாதீர்கள்’ என்று வெளியே குரல் எழுந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆகவே நல்ல எண்ணத்தோடு செய்யும் எதிர்ப்பு கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதை இரண்டு பக்கமும் நின்று பார்க்கும் வாய்ப்பு நமக்கு உண்டு.

வழிகள் நான்கு: போகாமல் விடுவது, போய் மைதானத்தில் அடையாளம் காட்டுவது, மைதானத்துக்கு வெளியே வாய் திறந்து கேட்பது, சத்தமில்லாமல் போய் ஏதாவது உதவி செய்துவிட்டு வருவது. எங்கள் தெரிவு மூன்றாவது. ஆனால் முதல் இரண்டிலும்தான் அதிகம் தவறு நடந்திருக்கிறது, அவற்றை விரிவாகப் பார்க்க வேண்டும்.

போகாமல் விடுவது

தனி ஆளாக மறுப்பது மிகச் சுத்தமான வழி. 2017 டிசம்பரில் உக்ரேனிய சதுரங்க வீராங்கனை அன்னா முசிச்சுக், பெண்கள் மீதான கட்டுப்பாடுகளை எதிர்த்து, உலகப் போட்டி நடந்த சவூதித் தலைநகர் ரியாத்துக்குப் போகவில்லை. விரைவு ஆட்ட வகைகளான ரெபிட், பிளிட்ஸ் இரண்டிலும் அப்போது உலக சம்பியன் அவர்தான். இரண்டு பட்டமும் கைவிட்டுப் போயின. அடுத்த வருடம் இந்தியாவின் சௌமியா சுவாமிநாதன், தலையில் முக்காடு கட்டாயம் என்பதற்காக ஈரானில் நடந்த ஆசிய அணிப் போட்டியிலிருந்து விலகினார். முக்காடு வழக்கமாக உள்ள நம் ஊர்களில் இதைத் தவறாக விளங்கத் தேவையில்லை. அவர் மறுத்தது முக்காட்டை அல்ல, விருப்பமில்லாதவர் மேல் அதைச் சட்டமாகச் சுமத்துவதை. விலை முழுவதையும் மறுத்தவரே கொடுத்தார் என்பதால் இவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் போட்டி நடந்தது, பட்டத்தை இன்னொருவர் எடுத்தார், அங்குள்ள விதி அப்படியே இருந்தது.

அணியாக விலகும்போது கணக்கு வேறு. 2003 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து சிம்பாப்வேயின் ஹராரேயில் ஆட மறுத்தது. ஜனாதிபதி முகாபேயின் ஆட்சியோடு கைகுலுக்குவதா என்ற கேள்வி மாதக்கணக்காக ஓடியது. அரசாங்கமும் கிரிக்கெட் சபையும் முடிவை ஒருவர் மேல் ஒருவர் தள்ள, பாரம் கடைசி வாரத்தில் நாசர் ஹுசைனின் அணி மீது வந்து விழுந்தது. காரணமாகக் கடைசியில் சொன்னது பாதுகாப்பு. அறம் பற்றித் தொடங்கிய பேச்சு பாதுகாப்பில் முடிந்ததால் சிம்பாப்வே மக்களுக்குச் சொல்ல வேண்டிய சேதி போய்ச் சேரவே இல்லை. 4 புள்ளிகள் சிம்பாப்வேக்குப் போயின. சிம்பாப்வே சுப்பர் சிக்ஸ் சுற்றுக்குப் போனது, இங்கிலாந்து வீட்டுக்குப் போனது. 1996 உலகக் கிண்ணத்தில், மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வராதபோதும் புள்ளிகள் இதேபோல இலங்கைக்கு வந்தன. அங்கே காரணம் உண்மையாகவே பாதுகாப்பு. பாதுகாப்புக்காக விலகுவதையும் மனச்சாட்சிக்காக விலகுவதையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. கலந்தால் இரண்டும் பலமிழக்கும்.

பணபலமுள்ள அமைப்பே விலகினால்? சீன டென்னிஸ் வீராங்கனை பெங் ஷுவாய், முன்னாள் உயர் தலைவர் ஒருவர் மேல் பாலியல் குற்றம் சாட்டிய பின் பொதுவெளியில் காணாமல்போன விவகாரத்தில் பெண்கள் டென்னிஸ் சங்கம் 2021 டிசம்பரில் சீனாவில் தன் போட்டிகள் எல்லாவற்றையும் நிறுத்தியது. வெளிப்படையான விசாரணை வேண்டும், அவரைச் சுதந்திரமாகச் சந்திக்க வேண்டும் என்று இரண்டே கோரிக்கைகள். தெளிவான, நேர்மையான கோரிக்கைகள்தான். ஆனால் ஆண்கள் சங்கமோ ஒலிம்பிக் குழுவோ கூட நிற்கவில்லை. 2023 ஏப்ரலில், இரண்டு கோரிக்கையும் நிறைவேறாமலே, திரும்பிப் போவதாக அறிவித்தது.

விலகல் வேலை செய்த இடம் நிறவெறி ஆட்சிக்கால தென்னாபிரிக்கா. 1970 முதல் 1991 வரை, 21 வருடங்கள், டெஸ்ட் கிரிக்கெட் உலகம் முழுவதும் கதவைச் சாத்தியது. உள்ளேயிருந்த கறுப்பின மக்களின் விளையாட்டு அமைப்புகளே அதைக் கேட்டன என்பதுதான் முக்கியம். தடையை மீறியவர்களுக்கும் தண்டனை கடுமையாக இருந்தது: 1982இல் பந்துல வர்ணபுர தலைமையில் அங்கே போன இலங்கை வீரர்களுக்கு 25 வருடத் தடை. எல்லோரும் சேர வேண்டும், நீண்ட காலம் நிற்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்கள் கேட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் புறக்கணிப்பு அறிக்கையோடு முடிந்துவிடும்.

பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல், நாட்டைப் பார்த்துக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2013 சென்னை. ஈழத்தமிழர் பெயரில், இலங்கை வீரர் யாரும் அங்கே ஐ.பி.எல். ஆட முடியாது என்று தமிழக அரசு சொன்னது. பெங்களூர் அணியிலிருந்த முத்தையா முரளிதரனும் அந்தத் தடைக்குள் அகப்பட்டார். கடவுச்சீட்டை மட்டும் பார்க்கும் தடை, தமிழருக்காக என்று போட்டு ஒரு தமிழரையே வெளியே நிறுத்தியது. அந்தக் கோபத்தின் காரணம் நியாயமானது. போரில் இழந்தவர்களுக்கு அந்தத் தடையால் எதுவும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

மைதானத்தில் அடையாளம்

இதற்கு விதிப்புத்தகம் தெரிந்திருக்க வேண்டும். உதைபந்தாட்டத்தில் 4ஆவது விதி, உடையிலும் உபகரணத்திலும் அரசியல், மத, தனிப்பட்ட வாசகங்களைத் தடுக்கிறது. தண்டனை வீரருக்கும் வரலாம், அணிக்கும் வரலாம். கிரிக்கெட்டில் தனிப்பட்ட அடையாளத்துக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். 2023 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா அனுமதியில்லாமல் கறுப்புப் பட்டி அணிந்ததற்குக் கிடைத்தது கண்டிப்பு மட்டும். 12 மாதத்துக்குள் மறுபடி செய்தால்தான் போட்டிச் சம்பளத்தில் வெட்டு தொடங்கும். ஒலிம்பிக்கில் 2021 ஜூலை முதல், போட்டி தொடங்குவதற்கு முன் மைதானத்தில் அடையாளம் காட்டலாம். பதக்க மேடையிலும் ஆட்டத்தின் நடுவிலும் கூடாது. 2024 பாரிஸில் அகதிகள் அணியின் பிரேக் நடன வீராங்கனை மனிஷா தலாஷ், ஆப்கான் பெண்களுக்கு விடுதலை கேட்கும் வாசகத்தைப் போட்டியின் நடுவே மேலாடையில் காட்டினார், தகுதி இழந்தார். அது தெரியாமல் நடந்த பிழை என்று தோன்றவில்லை. விலை தெரிந்தே செய்தார், அதனால் அதற்குக் கனமும் இருந்தது.

விலையைக் கணக்குப் போடாமல் இறங்கினால் நடப்பது கட்டாரில் நடந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க், சுவிற்சர்லாந்து ஆகிய ஏழு அணிகளின் தலைவர்களும் பாகுபாட்டுக்கு எதிரான ‘ஒன் லவ்’ கைப்பட்டி அணிவார்கள் என்று செப்டம்பரிலேயே சொல்லியாயிற்று. அபராதம் கட்டவும் ஆயத்தம். நவம்பர் 21, இங்கிலாந்தின் முதல் ஆட்டத்தன்று, அணிந்தால் மஞ்சள் அட்டை என்று பீஃபா மிரட்ட, ஏழும் ஒன்றாகப் பின்வாங்கின.

அந்த மிரட்டல் எவ்வளவு பெரியது? இரண்டு வெவ்வேறு ஆட்டங்களில் மஞ்சள் அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டம் இல்லை. ஒரே ஆள் தொடர்ந்து அணிந்தால் மூன்றாவது ஆட்டத்தில் வெளியே இருக்க வேண்டும். முதல் சுற்றில் ஆட்டங்கள் மூன்று. ஆட்டத்துக்கு ஒரு தலைவராக மாற்றியிருந்தால் மூன்று பேருக்கு ஒவ்வொரு அட்டை, ஒருவரும் தடைப்பட மாட்டார். பீஃபா அதற்கு மேலும் போயிருக்கலாம். போயிருந்தால் மனித உரிமைப் பட்டிக்காக அணித்தலைவர்களை வெளியேற்றிய அவப்பெயர் பீஃபாவுக்குத்தான் வந்திருக்கும். இந்த மாற்றுத் திட்டத்தை யாரும் கையில் வைத்திருக்கவில்லை. பிறகு ஜெர்மனி அணி ஜப்பானுடனான ஆட்டத்துக்கு முன் வாயைக் கையால் மூடிப் படம் எடுத்தது. பட்டியை அணிந்திருந்தவர் அரங்கில் அமர்ந்திருந்த ஜெர்மன் அமைச்சர். அரங்கில் இருப்பவருக்கு மஞ்சள் அட்டை இல்லையே. ஆட்டத்தில் ஜெர்மனி 2-1 எனத் தோற்றபோது பேச்சு முழுவதும் தோல்வியைச் சுற்றியே போனது.

இதற்கு நேர் எதிர் 2003 பெப்ரவரி 10, ஹராரே. சிம்பாப்வே வீரர்கள் அண்டி பிளவர், ஹென்றி ஒலங்கா இருவரும் உலகக் கிண்ணத்தில் நமீபியாவுடனான ஆட்டத்தில் கறுப்புப் பட்டி அணிந்தார்கள். ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். இன விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆட்டம் தொடங்க முன்பே அறிக்கை ஊடகவியலாளர் கையில் இருந்தது: நாட்டில் ஜனநாயகம் செத்ததற்குத் துக்கம் காக்கிறோம் என்று. அனுமதி கேட்கவில்லை, அதனால் மறுப்பதற்கும் யாருக்கும் இடமில்லை. விலை பெரியது: ஒலங்கா நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று, பிளவரின் சர்வதேச ஆட்டமும் அந்தக் கிண்ணத்தோடு முடிந்தது.

ஆனால் இவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகள். வந்துபோகும் விருந்தாளி அதே பட்டியை அணிந்தால் அதே கனம் வராது. அதேபோல, கட்டாரில் முதல் ஆட்டத்தில் தேசிய கீதம் பாடாமல் நின்ற ஈரான் வீரர்கள் அடுத்த ஆட்டத்தில் பாடியபோது அவர்களைக் கோழை என்றவர்கள், அவர்களின் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்பதை மறந்தவர்கள்.

வெளியே நின்று கேட்பது

2022 அக்டோபரில் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட வீரர்கள் 16 பேர் ஒரு காணொளி வெளியிட்டார்கள். அதில் பட்டி இல்லை, சைகை இல்லை. புலம்பெயர் தொழிலாளருக்கு ஒரு உதவி நிலையம், உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு உரிய நிவாரணம், ஒருபாலின உறவைக் குற்றமாக்கும் சட்டத்தை நீக்குதல் என்று பொருளைச் சொல்லிக் கேட்டார்கள். விமானம் ஏற முன் வெளியிட்டதால் போட்டி விதி எதுவும் அவர்களைத் தொடவில்லை. அதே வருடம் மார்ச்சில் டோஹாவில், பீஃபா மாநாட்டு மேடையிலேயே, நோர்வே உதைபந்தாட்டச் சங்கத் தலைவி லிசே கிளாவெனெஸ் தொழிலாளர் பற்றி நேராகப் பேசினார்.

இவையும் வெல்லவில்லை. அந்த உதவி நிலையம் கிண்ணத்துக்கு முன் வரவில்லை. ஏன் என்பதற்குக் கட்டாரின் திகதிகளைப் பார்க்க வேண்டும். சர்வதேச தொழில் ஸ்தாபனத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் முறைப்பாடு கொடுத்தது 2014. கட்டார் உடன்பட்டு முறைப்பாடு மூடப்பட்டது 2017. டோஹாவில் அந்த ஸ்தாபனத்தின் அலுவலகம் திறந்தது 2018. என்.ஓ.சி. இல்லாமல் வேலை மாறலாம் என்ற சட்டம் 2020. மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம், தங்குமிடமும் சாப்பாடும் கொடுக்காவிட்டால் மேலதிகமாக 500உம் 300உம், 2021 மார்ச் முதல். சட்டம் தாளில் இருப்பதும் சம்பளம் கையில் கிடைப்பதும் வேறு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சட்டங்கள் வந்தது போட்டியை நடத்த இன்னும் உலகத்தின் தயவு தேவைப்பட்ட வருடங்களில். வீரர்களின் குரல் வந்தது கடைசி மாதங்களில். அப்போது விருந்தளிக்கும் நாட்டுக்கு இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஆகவே இந்த வழியைச் சரியாகச் செய்ய நினைப்பவருக்கு: கோரிக்கையில் எந்தச் சட்டம், எந்த அமைச்சு, யாருக்காக, எந்தத் திகதிக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். ‘மனித உரிமையை மதியுங்கள்’ என்றால் ‘மதிக்கிறோம்’ என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. திரும்பி வந்த தொழிலாளர்களிடமும் அவர்களின் சங்கங்களிடமும் முதலில் கேட்க வேண்டும். தனி நட்சத்திரத்தை அணியிலிருந்து எடுப்பது சுலபம், முழு அணியை எடுக்க முடியாது. கையெழுத்து அணியினுடையதாக இருக்கட்டும். போன இடத்தில் செய்தியாளர் சந்திப்பில் அதே ஒரு வசனத்தைத் திரும்பச் சொன்னால் போதும். கார்ப்பந்தயக்காரர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: 2022 டிசம்பரில் வந்த விதிப்படி அரசியல் கருத்துக்கு எழுத்துமூல முன்னனுமதி தேவை. எல்லாவற்றுக்கும் மேல், ஹோட்டலில் துணி துவைப்பவரோ வாகன ஓட்டுநரோ மனம் விட்டுப் பேசினால், அவர் முகத்தையோ பெயரையோ இணையத்தில் போடக்கூடாது. வீரர் ஊருக்குப் பறந்துவிடுவார். பேசியவர் மறுநாளும் கபீலின் கீழ்தான்.

சத்தமில்லாமல் செய்வது

2021 டிசம்பரில் கார்ப்பந்தய வீரர் செபஸ்தியான் வெட்டல் சவூதியின் ஜெத்தாவில் பெண்களுக்கென்று கார்ட்டிங் நிகழ்வொன்றை ஏற்பாடு செய்தார். நல்ல காரியம்; விருந்தளிக்கும் அரசாங்கம் அதையே தன் விளம்பரப் படமாக்கவும் முடியும். இந்த வழி நன்றாகப் பொருந்தியது 2022 இலங்கையில். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை, மின்வெட்டு, ஜனாதிபதிக்கு எதிராக வீதியில் மக்கள். அந்த நேரத்தில் அவுஸ்திரேலியா சுற்றுப்பயணம் வந்தது. வராதே என்று வீதியில் நின்றவர்கள் கேட்கவில்லை. கடைசி ஒருநாள் ஆட்டத்தில் ரசிகர்கள் மஞ்சள் உடுத்து வந்து நன்றி சொன்னார்கள். ஜூலை 9 அன்று காலி டெஸ்ட் நடக்கும்போதே கோட்டை மதிலில் போராட்டக்காரர்கள் நின்றார்கள். பிறகு அந்த அணி தன் பரிசுப்பணம் 45,000 அவுஸ்திரேலிய டொலரை யுனிசெஃப் மூலம் இலங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. இதை ‘மௌனம்’ என்று திட்டுவது நியாயமில்லை.

சவூதிக்கு முன்னால்

மூதூரின் ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதை கிழக்கு மறக்கவில்லை. வீட்டுப் பணிக்குப் போன பிள்ளை. கட்டார் பற்றிய பேச்சில் மைதானம் கட்டிய ஆண்கள் இருந்தார்கள், இருக்கத்தான் வேண்டும். நம் மாவட்டங்களிலிருந்து போன பெண்கள் வேலை செய்யும் சமையலறைகள் அந்தப் பேச்சுக்குள் அவ்வளவாக வரவில்லை. 2021 மார்ச்சில் சவூதி, கபீலின் சம்மதமில்லாமல் வேலை மாறவும் நாட்டை விட்டு வெளியேறவும் தனியார் துறைத் தொழிலாளருக்கு வழி திறந்தது. வீட்டுப் பணிப்பெண், வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் அதற்குள் இல்லை. அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. தொழிற்சட்டத்துக்கு வெளியேதான் இன்னும்.

வீட்டுப் பணியாளரையும் அந்தச் சட்டத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது ஒரே வரியில் சொல்லக்கூடிய, ஓர் அமைச்சு கையெழுத்திட்டுச் செய்யக்கூடிய கோரிக்கை. அதைக் கேட்க 2034 வரை இருக்கத் தேவையில்லை. ஸ்பானிய சுப்பர் கிண்ணம் 2020இலேயே ஜெத்தாவுக்குப் போய்விட்டது, போர்மியூலா 1 கார்கள் 2021 முதல் அங்கே ஓடுகின்றன, 2027 ஆசியக் கிண்ணமும் சவூதியில்தான்.