சமையல் தெர்மாமீட்டர்: பல வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

தயிருக்கும் பாகுக்கும் என்று வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் இது. நீளமான ஊசி, தலையில் சின்னத் திரை, உள்ளே பட்டன் பேட்டரி. பல வருஷமாக எங்கள் கோவை வீட்டு அடுப்படியில் புழங்குகிறது. வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். வாங்கிய அன்றே தண்ணீரை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

ஐஸைப் பொடித்து டம்ளர் நிறையப் போட்டு, இடுக்கு நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஊசி அடியில் படாமல் நடுவில் நிற்கட்டும். எண் மளமளவென்று இறங்கி 0.2, 0.1 என்று வந்து நின்றுவிடும். ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும், எண் அசையாது. வெளியிலிருந்து வரும் சூடெல்லாம் ஐஸை நீராக்கவே சரியாகிவிடுகிறது; கிராமுக்குச் சுமார் 80 கலோரி. ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகுதான் எண் ஏறும். உப்பு மட்டும் சேர்க்காதீர்கள், பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

அடுத்து கொதிநிலை. நல்ல கருவியைக்கூடப் பழுது என்று திருப்பி அனுப்புவது இங்கேதான். தளதளவென்று கொதித்தும் 98.6-ஐத் தாண்டவில்லையே என்பார்கள். கோவை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 410 மீட்டர். காற்றழுத்தம் குறைவதால் இங்கே தண்ணீர் கொதிப்பதே ஏறத்தாழ அந்த எண்ணில்தான். 100 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஊட்டிக்கு எடுத்துப்போனபோது 92-க்கும் 93-க்கும் நடுவில் நின்றது. குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேக ஏன் அவ்வளவு நேரமாகிறது என்பது அந்த எண்ணைப் பார்த்ததும் விளங்கும்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் கேஸில். கொதி வந்த பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் எண் ஏறாது, ஆவிதான் அதிகமாகப் போகும். ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரி பிடிக்கும். அத்தனையும் ஜன்னல் வழியாக வெளியே போகிறது! கொதி வந்ததும் சிம்மில் வைத்துவிடுகிறோம்; கிழங்கு அதே நேரத்தில் வேகிறது.

பாகு இப்படி நிற்காது. தண்ணீர் வற்ற வற்றச் சர்க்கரை அடர்ந்து, கொதிக்கக் கொதிக்கவே எண் ஏறிக்கொண்டு போகும். பதம் சரியாக வந்த எண்ணை எழுதி வைத்தால் அடுத்த தடவைக்கு உதவும்.

குறை என்றால், எண் நிலைக்கச் சில நொடி ஆகிறது. ஆவி பட்டுத் திரை மங்குகிறது. இப்போது ஐஸில் 0.7 காட்டுகிறது, கொதிநீரிலும் அதே அளவு கூடுதல். கழித்துக்கொண்டால் போதும்: 42-ல் உறை ஊற்ற, திரையில் 42.7 வரும்வரை பாலை ஆறவிடுகிறேன்.