லொட், தார்ன், எரியூ: தெற்கு பிரான்ஸில் கிராவல் சைக்கிளுக்கு எந்தப் பள்ளத்தாக்கு?

தெற்கு பிரான்ஸில் கிராவல் சைக்கிளில் (தார் போடாத கப்பிப் பாதைகளுக்கான சைக்கிள்) நான்கைந்து நாள் சுற்ற எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று இடங்களைச் சொல்வேன். லொட், செலே ஆறுகள் ஓடும் கெர்சி ஒன்று. தார்ன், ஜோந்த் ஆறுகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் கோஸ் மெஜான் இன்னொன்று. மூன்றாவது, ஆர்தேஷ் மாவட்டத்தில் எரியூ ஆற்றை ஒட்டிப் போகும் டோல்சே வியா என்ற சைக்கிள் வழி. மூன்றுமே அழகானவை என்பதால் அழகை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக்கு எவ்வளவு ஏற வேண்டும், ஏறிய பிறகு குடிக்கத் தண்ணீர் இருக்குமா, இந்த இரண்டையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காரணம் பாறை. முதல் இரண்டு இடங்களும் சுண்ணாம்புக்கல் பூமி. அந்த மேட்டுநிலங்களை அங்கே கோஸ் என்கிறார்கள். மேலே எவ்வளவு மழை பெய்தாலும் நிற்காது. பாறை வெடிப்புகளில் இறங்கி, குகைகளுக்குள் ஓடி, பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் ஊற்றாகப் பொங்கும். அதனால் ஊர், ரொட்டிக்கடை, தார்ச்சாலை, கார்கள் எல்லாம் கீழேதான். மேலே ஆடுகளும் கற்களும் ஆளில்லாத கப்பிச் சாலைகளும். நாம் தேடிப் போகும் பாதை மேலே இருக்கிறது, சோறும் தண்ணீரும் கீழே இருக்கின்றன.

கோஸ் மெஜானில் இந்தப் பிரிவு மிகக் கடுமையானது. வடக்கே தார்ன், தெற்கே ஜோந்த், கிழக்கே தார்னோன் என்று மூன்று பக்கமும் ஆறுகள் அறுத்துவிட்ட மேடு அது. பள்ளத்தாக்குகள் சில இடங்களில் 500 மீட்டர் ஆழம். ஆற்றங்கரையில் இருக்கும் சேன்ட்-எனிமியிலிருந்து கோப்பர்லாக் கணவாய்க்கு ஏறினால் 400 மீட்டருக்கு மேல் உயரம் கூடும், நடுவில் மூச்சு வாங்கச் சமதளமே கிடையாது. ஒரு நாளில் இந்தச் சுவரை ஒரு தடவை ஏறலாம். இரண்டாவது தடவை ஏற நினைப்பவர் மறுநாள் பயணத்தைக் கெடுத்துக்கொள்வார்.

ஆனால் ஏறிவிட்டால் கிடைப்பதற்கு ஈடான ஒன்றை நான் மேற்கு ஐரோப்பாவில் வேறெங்கும் பார்த்ததில்லை. சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்கூட வசிக்காத புல்வெளி. கிழக்குப் பாதியில் மரமே அரிது, மேற்குப் பாதியில் பைன் தோப்புகள். கிழக்கில் 1,000 மீட்டர் உயரத்தில், வெள்ளைச் சுண்ணாம்புக் கப்பி போட்ட அகலமான பாதைகள் மேடும் தாழ்வுமாக ஓடுகின்றன. டயருக்கு அடியில் கல் நொறுங்கும் சத்தத்தைத் தவிர காற்றின் சத்தம் மட்டும்தான். வில்லாரே என்ற குக்கிராமத்தை ஒட்டிய வேலிகளுக்குள் பிரசெவால்ஸ்கி குதிரைகள் மேய்வதைப் பார்க்கலாம். மங்கோலியாவின் காட்டுக் குதிரை இனம் அது. 1993 முதல் இங்கே வளர்த்து, பிற்பாடு சிலவற்றை மங்கோலியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஜோந்த் பக்கம் விளிம்புக்கு வந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் நம் கால் மட்டத்துக்குக் கீழே வட்டமடிக்கும். இந்த வட்டாரத்திலிருந்து முற்றிலும் மறைந்துபோன பறவை அது. 1981-இல் மறுபடி பறக்கவிட்டார்கள், இப்போது பாறை விளிம்புகளில் கூடு கட்டி வாழ்கிறது.

வழியில் லாவோஞ் என்னும் குட்டைகள் கண்ணில் படும். தட்டு மாதிரி ஆழமில்லாத வட்டப் பள்ளம், உட்புறம் முழுக்கக் கல் பாவியிருக்கும். ஆடுகள் வழுக்காமல் இறங்கிக் குடிக்க விளிம்பு மெல்லச் சரிந்து போகும். சுற்றிலும் உள்ள சரிவில் விழும் மழை அதில் வந்து தேங்கும். ரோக்ஃபோர் சீஸுக்குப் பால் தரும் ஆட்டு மந்தைகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் தாகம் தணித்தன. 2011-இல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் இந்த மேய்ச்சல் வாழ்க்கைக்காகத்தான். ஆனால் அந்த நீர் ஆட்டுக்கானது, பாட்டிலில் பிடிக்காதீர்கள். மேலே போகிறவர் கீழேயே மூன்று லிட்டர் நிரப்பிக்கொள்ள வேண்டும். கோடையில் அதுவும் காணாது.

கெர்சி வேறு மாதிரி. இங்கேயும் அதே சுண்ணாம்புக்கல், அதே வறண்ட மேடு, ஆனால் அளவு சிறியது. செலே கரையில் இருக்கும் மார்சியாக்கிலிருந்து கிராமா மேட்டுக்கு ஏறினால் 200 மீட்டர் சொச்சம்தான். ஏறி, இரண்டு மணி நேரம் கற்பாதையில் சுற்றி, தண்ணீர் தீரும் நேரத்துக்கு வேறொரு ஊரில் இறங்கலாம். சாப்பிட்டுவிட்டு எதிர்க்கரையில் ஏறினால் அது வேறு மேடு. லொட் ஆற்றுக்குத் தெற்கே லிமோஞ் கோஸ் இன்னும் தாழ்வானது. ஒரே நாளில் மூன்று தடவை ஏறி இறங்கினாலும் கால் தாங்கும். பெரும்பாலானவர்களுக்கு நான் கெர்சியைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

பாதையின் தன்மையும் மாறும். மெஜானில் வெட்டவெளி, இங்கே இருபக்கமும் பாசி படர்ந்த கல்சுவர். சிமென்ட் இல்லாமல் அடுக்கிய கற்கள். மேலே குட்டை ஓக் மரங்களின் நிழல். நடு நடுவே மேய்ப்பர்கள் ஒதுங்கிய கல் குடிசைகள், தோல்மென் என்னும் பலகைக்கல் போர்த்திய பெருங்கற்காலக் கல்லறைகள். நிழல் இருக்கிறதே என்று வேகம் எடுக்கக் கூடாது. சுவரிலிருந்து உதிர்ந்த கற்கள் இலைச் சருகுக்கு அடியில் கிடக்கும், முன் சக்கரம் அதில் ஏறினால் பக்கவாட்டில் தூக்கிப் போடும். மெஜானின் கப்பியைவிடக் கெர்சியின் கல்தான் டயரை அதிகம் கிழிக்கும் என்பது என் அனுபவம்.

கீழே பார்க்கவும் நிறைய இருக்கிறது. பூசியேஸ் அருகே லொட் கரையில் செங்குத்துப் பாறையைக் குடைந்து ஒரு பாதை வெட்டியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்தவர்களுக்கான வழி அது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பாறை, தலைக்கு மேலும் பாறைதான் கூரை. ஆள் நடமாட்டம் அதிகம் என்பதால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை. அந்த வழியே போனால் ஆற்றுக்கு மேல் பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சேன்-சிர்-லாபோபி வரும். ஆகஸ்டில் அந்த ஊர் சுற்றுலாக் கூட்டத்தில் திணறும், காலை எட்டு மணிக்கு முன்பே ஏறிப் பார்த்துவிடுங்கள். காப்ரேரே பக்கத்தில் பெஷ் மெர்ல் குகை. அதில் உள்ள புள்ளிக் குதிரை ஓவியங்கள் 25,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்திருப்பதால் முன்பதிவு கட்டாயம். பயணத்தின் நடுவே மணி பார்த்து ஓட வேண்டியிருந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள். இரவில் மேட்டில் தங்கினால் வானத்தைப் பாருங்கள். பிரான்ஸிலேயே வெளிச்சம் மிகக் குறைந்த வட்டாரங்களில் இது ஒன்று, பால்வீதி பளிச்சென்று தெரியும்.

டோல்சே வியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1968-இல் மூடப்பட்ட மீட்டர்கேஜ் ரயில்பாதையைச் சைக்கிள் வழியாக மாற்றியிருக்கிறார்கள், கிளைகளோடு சேர்த்துச் சுமார் 90 கிலோமீட்டர். ரோன் கரையில் லா வூல்ட்டில் தொடங்கி, லெ ஷெய்லாரில் பிரிந்து, ஒரு கிளை லாமாஸ்த்ருக்கும் இன்னொன்று சேன்-அக்ரேவுக்கும் போகிறது. நீராவி எஞ்சின் இழுத்த பாதை என்பதால் ஏற்றம் மெதுவானது, தளம் இறுக்கமான பொடிக் கப்பி. பாலம், சுரங்கம், பழைய ஸ்டேஷன் கட்டடங்கள், செஸ்நட் தோப்புகள் என்று சலிக்காமல் போகும். குழந்தைகளோடு போகிறவர்களும் முதல் தடவை பை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் யோசிக்கவே வேண்டாம், இங்கே போகலாம். கரடுமுரடு வேண்டுபவருக்கு இரண்டாம் நாளே போதும் என்றாகிவிடும். அவர்கள் சேன்-அக்ரேவிலிருந்து தெற்கே திரும்பி ஜெர்பியே-தெ-ஜோங் மலைப் பக்கம் ஏற வேண்டும். லுவார் நதி பிறக்கும் இடம் அது. இந்த மேடு எரிமலைப் பாறையும் கருங்கல்லும், சுண்ணாம்பு அல்ல. அதனால் உச்சியிலேயே ஊற்றும் ஓடையும் பசும்புல்லும் இருக்கும். மெஜானிலிருந்து வருகிறவருக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே புரிந்துவிடும்.

சைக்கிளைப் பொறுத்தவரை, டோல்சே வியாவுக்கு 35 மில்லிமீட்டர் டயர் தாராளம். மற்ற இரண்டுக்கும் 45-க்குக் குறையாமல், டியூப்லெஸ்ஸாகப் போடுங்கள். மெஜானுக்கு, பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் பெடலோடு சுற்றும் முன்பக்கப் பல்சக்கரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், பை சுமையோடு அந்தச் சுவரில் ஏற வேறு வழியில்லை. மேய்ச்சல் நிலங்களில் பாத்தூ என்ற பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் மந்தையோடு இருக்கும். குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டிக்கொண்டு தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்குங்கள், சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். அப்புறம், கிராமத்து ரொட்டிக்கடைகளில் பல திங்கட்கிழமை மூடியிருக்கும், மதியம் இரண்டு மணி நேரம் எல்லாமே மூடியிருக்கும். அதற்கு ஏற்றபடி முந்தின நாளே வாங்கி வையுங்கள்.

பாரிஸிலிருந்து வருகிறவருக்குக் கெர்சிதான் சுலபம், ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் ஏறினால் நேரே காஓர். சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். மெஜானுக்கு மியோவில் இறங்கி, தார்ன் கரையோடு லெ ரோசியே வரை ஓட்டிப் போகலாம். டோல்சே வியாவுக்கு வாலன்ஸில் இறங்கினால் ரோன் கரைச் சைக்கிள் வழி லா வூல்ட்டில் கொண்டுபோய் விடும். கெர்சிக்கு ஏப்ரலும் செப்டம்பரும் நல்லது. மெஜானுக்கு நான் மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்றுதான் சொல்வேன். அப்போது புல் இன்னும் காயாமல் வெள்ளி நிறத்தில் அலையடிக்கும், பிற்பகல் இடிமழையும் அவ்வளவாகத் தொடங்கியிருக்காது.