ஆவியாதல் அளக்க: கிளாஸ் ஏ தட்டா, வெட்டிய பரலா?

திருகோணமலையில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயம் வைப்பவர்களின் கேள்வி இது. கச்சான் காற்று அடிக்கும் சிறுபோகத்தில் கிணற்று நீரைக் கணக்குப் பார்த்துத்தான் இறைக்க வேண்டும். அதற்கு, அளவு நிர்ணயித்த கிளாஸ் ஏ தட்டிலோ வெட்டிய பரலிலோ நீர் விட்டு, ஒரு நாளில் மட்டம் எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று அளக்கலாம்.

செலவு: 120.7 செ.மீ விட்டமுள்ள உலோகத் தட்டு விலை கூடியது. பரல் வீட்டிலேயே கிடக்கும்.

நீடிப்பு: நாகமுலாம் பூசிய தட்டும் கடற்காற்றில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பரல் வெயிலில் வெடிக்கும்.

நம்பகம்: பெரிய வித்தியாசம் இங்கேதான். தட்டின் அளவு எங்கும் ஒன்றுதான், அதனால் நீர்மட்டம் இறங்கிய மில்லிமீற்றரைச் சுமார் 0.7 ஆல் பெருக்கி, அப்புறம் பயிர்க் குணகத்தாலும் (பயிருக்கும் அதன் வளர்ச்சிப் பருவத்துக்கும் உரிய எண்) பெருக்கினால் பயிரின் தேவை வந்துவிடும். சின்னப் பரலில் பக்கச் சுவர் சூடாகி நீர் கூடுதலாக ஆவியாகும், அதற்கு 0.7 பொருந்தாது. நேற்றைவிட இன்று ஆவியாதல் கூடவா குறைவா என்று பார்க்கப் பரல் உதவும்.

எதை வைத்தாலும் பக்கத்தில் மழைமானி கட்டாயம். மழை பெய்த நாளில் அந்த மில்லிமீற்றரையும் நீர்மட்டம் இறங்கிய அளவோடு கூட்டாவிட்டால் கணக்கே பிழை. மாடு வாய் வைக்காமல் வேலியும் போடுங்கள், மேலே வலை மூடினால் ஆவியாதல் குறைந்து காட்டும்.

பல ஏக்கருக்குச் சேர்ந்து நீர் பங்கிடுபவர்கள் தட்டையே வாங்குங்கள். கால் ஏக்கர் வெங்காயத்துக்கு நேர்ச்சுவருள்ள பரலும் மழைமானியும் போதும், ஆனால் இறைக்க முன் மண்ணையும் தோண்டித் தொட்டுப் பாருங்கள்.