ஐ.பி.க்குப் பிறகும் கடன்காரர் விரட்டினால்: பாதுகாப்பு உத்தரவா, சமரசமா, புகாரா?

ஐ.பி. (நொடிப்பு மனு) போட்டு மஞ்சக் கடுதாசி அனுப்பிவிட்டால் கடன்காரர் வாய் அடைந்துவிடும் என்று குமரி மாவட்டத்தில் இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்தக் கடுதாசி, மனு போட்டிருக்கிறது என்ற தகவல் மட்டுமே. 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி நீதிமன்றம் நொடித்தவர் என்று அறிவித்த பிறகுதான் 28-ஆம் பிரிவின் தடை வரும். அப்போது சொத்து, அதைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். கடன்காரர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் புது வழக்குப் போட முடியாது. 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலானது. வாழை விவசாயிக்கும் படகு உரிமையாளருக்கும் பழைய சட்டமே.

அறிவிப்புக்குப் பிறகும் விரட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. ஆளைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புரோநோட்டு வைத்திருப்பவருக்கு, கைதைத் தடுக்கும் பாதுகாப்பு உத்தரவுதான் சரியான பதில். அறிவிப்பு வந்தாலே கைது பயம் நீங்கிவிடாது. இந்த உத்தரவை 31-ஆம் பிரிவில் தனியாக மனுப் போட்டு வாங்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த உத்தரவு கடன் பட்டியலில் உள்ள கடன்களுக்கே பொருந்தும். எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வாங்கிய கைமாற்று, சொந்தக்காரரிடம் பட்ட கடன், சிட்டி (சீட்டு) பாக்கி ஆகியவற்றை வெட்கப்பட்டுப் பட்டியலில் சேர்க்காமல் விட்டால், அவர்களில் தீர்ப்பாணை வைத்திருப்பவர் கைது மனுவோடு வரலாம். பெண்கள் மட்டும் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 56-ஆம் பிரிவு சொல்கிறது. குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர் "உள்ளே தள்ளுவேன்" என்றால், இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள்.

செக் கொடுத்தவருக்கு அந்த உத்தரவு கைகொடுக்காது. செக் பணமில்லாமல் திரும்பினால் வரும் 138-ஆம் பிரிவு வழக்கு குற்ற வழக்கு, ஐ.பி. அதை நிறுத்தாது. இங்கே சமரசமே மேல். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை நீதிமன்றங்களில் நடக்கும் லோக் அதாலத்தில் முடிக்கலாம், மேல்முறையீடு கிடையாது. ஆனால் ஒத்துக்கொண்ட தவணை தவறினால் அந்த முடிவையே சிவில் தீர்ப்பாணையாக நிறைவேற்ற முடியும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்ட முடியாத தொகைக்கு அங்கே தலையாட்டக் கூடாது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். டிஸ்சார்ஜ் (கடன்களிலிருந்து விடுவிக்கும் நீதிமன்ற உத்தரவு) வரும்வரை நீங்கள் புதிதாகச் சேர்க்கும் சொத்தும் ரிசீவருக்கே சேரும். அதிலிருந்து ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் கேள்வி எழுப்புவார்கள். வளைகுடாவில் இருக்கும் தம்பி உதவுகிறார் என்றால், அவர் கணக்கிலிருந்து நேராகக் கடன்காரர் கணக்குக்குப் போகட்டும். செக்கையும் கையெழுத்திட்ட வெற்றுத் தாளையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

வீட்டை அடமானம் வைத்த வங்கியையும் நகைக்கடன் கொடுத்தவரையும் இந்த இரண்டுமே தடுக்காது. ஈட்டுக் கடன்காரரின் உரிமையை 28(6) அப்படியே விட்டுவைத்திருக்கிறது. ஒன் டைம் செட்டில்மென்ட் பேசுவதே வழி. கணக்கு முடிந்து 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

மிரட்டலுக்குப் புகார். மற்ற இரண்டுக்கும் இது மாற்று அல்ல, கூடவே போக வேண்டியது. வங்கி, பைனான்ஸ் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கந்துவட்டிக்காரர் என்றால் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டப்படி காவல் நிலையம். அங்கே "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவதற்குக் காரணம், புகாரில் கடன் கதையே நிறைந்திருப்பதுதான். வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் பெயர் இவற்றை முதல் பத்தியிலேயே எழுதி, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

எந்த வழியில் போனாலும் டிஸ்சார்ஜ் தேதியை விட்டுவிடக் கூடாது. நொடிப்பு உத்தரவிலேயே அதற்கான கெடு இருக்கும். அதற்குள் மனுப் போடாவிட்டால் 43-ஆம் பிரிவில் அறிவிப்பு ரத்தாகி, அடங்கியிருந்தவர்களும் திரும்ப வருவார்கள். கெடு நெருங்கினால் நீட்டிப்புக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் வந்தாலும் அரசுக்கான பாக்கியும் மோசடியில் பட்ட கடனும் போகாது. ஜாமீன் போட்டவரும் தப்ப மாட்டார். அதன்பின் பழைய கடன்காரர் "சும்மா ஒரு நோட்டு எழுதித் தா" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். புது நோட்டில், பணம் வாங்கவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டி வரும்.