நான்கு 'லெட் இட் பி'களில் எனக்கு எது?

பீட்டில்ஸ் குழுவின் 'லெட் இட் பி' பாட்டின் கடைசிச் சரணத்தில், அன்னை மேரி மறுபடி வருகிற இடத்தில், பால் மெக்கார்ட்னியின் விரல் பியானோவில் தவறிவிடும். ஒரு கார்டு (chord, சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) பிசகி, அடுத்த நொடியே சரியாகிவிடும். 1970 மார்ச்சில் வந்த சிங்கிளிலும் மே மாதம் வந்த ஆல்பத்திலும் அந்தப் பிசகு அப்படியே இருக்கிறது. 2003இல் வந்த 'லெட் இட் பி... நேக்கட்' வட்டில் அது இல்லை. இன்னொரு டேக்கிலிருந்து, அதாவது அதே பாட்டை வேறொரு முறை வாசித்த பதிவிலிருந்து, சரியான கார்டை வெட்டி எடுத்து அங்கே ஒட்டிவிட்டார்கள்.

இந்த ஆல்பத்தின் எந்த வடிவத்தை வாங்குவது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த ஒரு கார்டைப் பற்றித்தான். என்னிடம் நான்கு வடிவங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வாங்கியபோது 'இதுதான் கடைசி' என்று வீட்டில் சொன்னேன். இப்போது அதிகம் சுற்றுவது நான்கில் ஒன்றுதான். அது எது, ஏன் என்பதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

1969 ஜனவரி 2. லண்டன் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் பீட்டில்ஸ் நால்வரும் கூடுகிறார்கள். திட்டம் எளிமையானது: பழையபடி நான்கு பேரும் சேர்ந்து வாசிப்பது, ஓவர்டப் (பிற்பாடு மேலே சேர்த்துப் பதிவது) கிடையாது, வாசித்தது வாசித்தபடி ஆல்பம். அதைப் படமும் எடுப்பது. பத்தாம் தேதி ஜார்ஜ் ஹாரிசன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சமாதானமாகித் திரும்பியதும் சாவில் ரோ 3ஆம் எண்ணில் இருந்த தங்கள் சொந்த நிறுவனமான ஆப்பிளின் கட்டட அடித்தளத்துக்கு இடம் மாற்றினார்கள். அங்கே அவர்களுடைய மின்னணு ஆசாமி 'மேஜிக் அலெக்ஸ்' கட்டிவைத்திருந்த ஸ்டுடியோ எதற்கும் உதவவில்லை. இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ.யிலிருந்து கருவிகளை இரவல் வாங்கி ஒப்பேற்றினார்கள். 22ஆம் தேதி பில்லி பிரெஸ்டன் கீபோர்டில் வந்து சேர, அறையின் காற்றே மாறியது. 30ஆம் தேதி மொட்டைமாடிக் கச்சேரி. 31ஆம் தேதி மிச்சமிருந்த மெதுவான பாடல்கள். அவ்வளவுதான். கையில் குவியல் குவியலாக டேப். அதைக் கேட்டு ஆல்பமாக்கும் பொறுமை நால்வரில் ஒருவருக்கும் இல்லை.

அந்தக் குவியலிலிருந்துதான் நான்கு ஆல்பங்கள் பிறந்தன. ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் 1969 மே மாதம் கட்டிய 'கெட் பேக்'. 1970 மார்ச் கடைசியில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் உட்கார்ந்து, ஏப்ரல் தொடக்கத்தில் முடித்து, மே 8 அன்று கடைக்கு வந்த 'லெட் இட் பி'. 2003இன் 'நேக்கட்'. பிறகு பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், சாம் ஓக்கெலுடன் சேர்ந்து செய்த 2021 மிக்ஸ், அதாவது பழைய பதிவுகளைப் புதிதாகக் கலந்த வடிவம்.

ஸ்பெக்டர் வடிவம் எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் சுருக்கமாக. 1970 ஏப்ரல் 1 அன்று வயலின்கள், செல்லோக்கள், டிரம்பெட், டிராம்போன், ஹார்ப், பதினான்கு பெண் குரல்கள் என்று ஒரு கல்யாணக் கூட்டத்தையே ஸ்டுடியோவுக்குள் ஏற்றி, 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்' மேல் கொட்டினார். மெக்கார்ட்னிக்குத் தெரியாமலே நடந்தது. வாத்தியங்களைக் குறை, கடைசியில் வரும் ஹார்ப்பை எடு, இனி இப்படிச் செய்யாதே என்று மேலாளர் ஆலன் கிளைனுக்கு அவர் எழுதிய கடிதம் பிரசித்தம். பிற்பாடு குழுவைக் கலைக்கக் கோரி நீதிமன்றம் போனபோதும் இந்தப் பாட்டு ஒரு புகாராக வந்து நின்றது. அதே பாட்டுதான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது என்பது வேறு விஷயம்.

ஆனாலும் ஸ்பெக்டரை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வராது. நல்லெண்ணத்தில் செய்த பொய்கள் அவருடையவை. 'கெட் பேக்' பாட்டின் முடிவில், தேர்வில் தேறிவிட்டோம் என்று நம்புகிறேன் என்கிற ஜான் லெனனின் நக்கல் வருகிறதே, அது மாடியில் சொன்னது. பாட்டோ மூன்று நாள் முன்னால் அடித்தளத்தில் பதிவானது. இரண்டையும் ஒட்டியவர் ஸ்பெக்டர். பல வருஷம் அதை மாடிப் பதிவு என்றே நம்பியிருந்தேன். 'ஐ மீ மைன்' ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலான பதிவு. ஒரு பகுதியைத் திரும்ப ஓடவிட்டு அதை நீட்டினார். இப்படிப் பார்த்தால் ஒட்டுவேலை 'நேக்கட்' கண்டுபிடித்த பாவம் இல்லை. ஸ்பெக்டர் தன் ஒட்டை மறைக்கவில்லை, அவ்வளவுதான். அவர் ஆளே அப்படித்தான் என்று ஊருக்கே தெரியும்.

என் சண்டை 'நேக்கட்'டோடுதான். வெளிவந்த புதிதில் ஆசையாக வாங்கினேன். முதல் வாரம் சொக்கிப்போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரைச்சல் துடைக்கப்பட்டு, கிட்டாருக்கும் குரலுக்கும் நடுவே இருந்த புகை விலகியதுபோல் ஒரு தெளிவு. 'அக்ராஸ் தி யூனிவர்ஸ்' பாட்டுக்கு இதைவிட நல்ல கதி வாய்த்ததில்லை. 1968 பிப்ரவரியில் பதிவான அந்தப் பாட்டை, வனவிலங்கு நிதிக்கான தொகுப்பில் வேகத்தைக் கூட்டிப் பறவைச் சத்தம் சேர்த்தார்கள். ஸ்பெக்டர் வேகத்தைக் குறைத்துக் கோரஸ் சேர்த்தார். 'நேக்கட்'டில்தான் அது தன் சொந்த வேகத்தில், கிட்டத்தட்டத் தனியாக நிற்கிறது.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. 'டோன்ட் லெட் மீ டவுன்' மாடியில் இரண்டு முறை பாடியதை வெட்டி ஒட்டி ஒன்றாக்கிய பாட்டு. 'ஐ'வ் காட் எ ஃபீலிங்' பாட்டுக்கும் அதே கதைதான். 'லெட் இட் பி'யில் மேலே சொன்ன கார்டு போயிற்று. பாடல்களுக்கு நடுவே இருந்த பேச்சு, சிரிப்பு, கிண்டல் எல்லாம் கத்தரிக்கப்பட்டன. 'டிக் இட்', 'மேகி மே' இரண்டும் ஆல்பத்தைவிட்டே வெளியேற்றப்பட்டன. பேச்சைக் கேட்க விரும்புவோருக்கு என்று இருபத்திரண்டு நிமிஷம் ஓடும் தனி வட்டு ஒன்றைக் கூடவே வைத்தார்கள். சாம்பாரிலிருந்து பெருங்காயத்தை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் பரிமாறிய கதை.

ஸ்பெக்டரின் ஜிகினாவைக் கழற்றியது சரி. ஆனால் கழற்றிய கையோடு தோலையும் இழுத்துத் தைத்துவிட்டார்கள். நிர்வாணம் என்று பெயர் வைத்த வடிவத்தில்தான் தையல் நுணுக்கமாக இருக்கிறது. வெட்டினது காதில் விழாத அளவுக்குக் கணினி கெட்டிக்காரத்தனமாகிவிட்ட காலத்தில் செய்தது அது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், எந்த வடிவத்தை வைத்துக்கொள்வது என்பதை எனக்குத் தீர்மானித்தது இது ஒன்றுதான். ஒலித்தரம் எல்லாம் பிறகு. ஸ்டுடியோவில் தயாரித்த ஆல்பமென்றால் ஒட்டுவேலைக்கு நான் எதிரி அல்ல. 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' வேறு வேறு வேகத்தில், வேறு சுருதியில் இருந்த இரண்டு டேக்குகளை ஒட்டிச் செய்தது. அதைவிட அழகான பொய்யைக் காட்டுங்கள் பார்ப்போம். ஆனால் 1969 ஜனவரியின் பேச்சே வேறு. வாசித்தது வாசித்தபடி என்பதுதான் அந்த ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை அளவுகோலாக வைத்தால், தவறான கார்டு குறை ஆகாது, அது சாட்சி. பழைய சபாக் கச்சேரி ஒலிநாடாக்களில் வித்வான் சுருதி சேர்ப்பதும், நடுவில் யாரோ இருமுவதும் கேட்கும். அதைத் துடைத்துவிட்டால் கச்சேரி போய்விடும், பாட்டு மட்டும் மிஞ்சும்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். கிளின் ஜான்ஸின் 'கெட் பேக்'.

இது 1969இலேயே வந்திருக்க வேண்டியது. அட்டைப்படம்கூடத் தயார். முதல் ஆல்பமான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'க்கு 1963இல் நின்ற அதே மான்செஸ்டர் சதுக்கத்து இ.எம்.ஐ. அலுவலக மாடிப்படியில், அதே புகைப்படக்காரர் ஆங்கஸ் மெக்பீனை அழைத்து, தாடியும் முடியுமாக மறுபடி நின்றார்கள். அந்தப் படம் கடைசியில் 1973இல் வந்த, நீல அட்டை போட்ட பாடல் தொகுப்புக்குப் போனது. ஆல்பத்தை யாரும் ஏற்கவில்லை. 1970 ஜனவரியில் ஜான்ஸ் கொஞ்சம் மாற்றி மறுபடி கொடுத்தார், அதையும் ஏற்கவில்லை. கள்ளப் பதிப்புகளாக மட்டுமே உலவிய மே மாத வடிவம், 2021 அக்டோபரில் வந்த ஐந்து சி.டி. பெட்டியில் நான்காவது வட்டாகத்தான் முறையாக வெளிவந்தது. ஐம்பத்திரண்டு வருஷம்.

உண்மையைச் சொன்னால், முதல்முறை கேட்டபோது எனக்கும் பிடிக்கவில்லை. ஜான்ஸ் வேண்டுமென்றே நல்ல டேக்குகளை ஒதுக்கினாரோ என்று தோன்றும். மாடிப் பதிவுகளில் 'ஒன் ஆஃப்டர் 909' மட்டும் எடுத்துக்கொண்டார். 'ஐ'வ் காட் எ ஃபீலிங்' பாதியில் குலைந்து நிற்கிறது. சத்தம் கூட்டப் போய் நான்தான் கெடுத்தேன் என்று லெனனே சொல்கிறார். 'டிக் இட்' ஸ்பெக்டரிடம் ஐம்பது நொடி, இங்கே நாலு நிமிஷம். அவ்வளவு நேரம் அதற்குத் தேவையா என்றால், இல்லை.

ஆனால் மூன்றாவது, நான்காவது தடவையில் வேறொன்று நடந்தது. சின்னதாக ஒரு ஜாம் ஓடுகிறது, அங்கிருந்து டிரிஃப்டர்ஸின் பழைய பாட்டொன்றைப் பிடிக்கிறார்கள், அதை விட்டுவிட்டு 'டோன்ட் லெட் மீ டவுன்' பக்கம் வருகிறார்கள். லெனன் டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோவிடம் ஒரு பெரிய சிம்பல் அடி கேட்கிறார், கத்திக்கொண்டு உள்ளே வர எனக்குத் தைரியம் வேண்டும் என்று. அந்த அடி விழுகிறது. அவரும் வருகிறார். 'நேக்கட்'டில் இதே பாட்டு நூறு மடங்கு சுத்தமாக இருக்கும், ஆனால் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அங்கே தெரியாது. 'டெடி பாய்' என்று இன்னொன்று. மெக்கார்ட்னி அக்கறையாகப் பாடிக்கொண்டிருக்க, லெனன் பொறுமையிழந்து கிராமத்து நடனத்துக்குக் கட்டளை சொல்வதுபோல் நடுவில் கூவ ஆரம்பித்துவிடுகிறார். அந்த இரண்டு நிமிஷத்தில் இருவரின் நட்பும் கசப்பும் ஒன்றாகக் கேட்கிறது. மெக்கார்ட்னி அந்தப் பாட்டைத் தன் முதல் தனி ஆல்பத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே யாரும் குறுக்கே கூவவில்லை.

லெனனுக்கே இந்த வடிவத்தின்மேல் ஒரு கண் இருந்தது. கால்சட்டை இல்லாத எங்கள் கோலம் இதுதான் என்று உலகம் பார்க்கட்டும், மாயை உடையட்டும் என்ற பொருளில் 1970 பேட்டியில் பேசினார். அதே பேட்டியில் ஸ்பெக்டரையும் மெச்சினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது வந்து பிடித்துக்கொள்வார்கள். இன்னொரு ஒப்புதலும் உண்டு. ஜான்ஸின் 'லெட் இட் பி'யில் வரும் கிட்டார் சோலோ ஏப்ரல் 30 அன்று தனியாகச் சேர்த்தது. ஆக என் கட்சியும் முழுப் பத்தினி அல்ல. ஆனால் அந்தப் பியானோ பிசகு அங்கே பத்திரமாக இருக்கிறது.

2021 மிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. ஸ்பெக்டரின் ஆல்பத்தையே எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். டிரம்ஸும் பாஸும் முன்னுக்கு வந்திருக்கின்றன, வயலின்கள் கொஞ்சம் மரியாதையாகப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன. முதன்முறை கேட்பவருக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். அதன் அட்மாஸ் (சுற்றிலும் ஒலிக்கும்) வடிவத்தை ஹெட்போனில் மட்டுமே கேட்டிருக்கிறேன். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்த அறையில் அது வேறு அனுபவமாக இருக்கலாம், அதனால் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கறுப்புத் தட்டு (வினைல்) விஷயத்திலும் என் வாயை நம்பாதீர்கள், எல்லாமே நான் சி.டி.யில் கேட்டவை.

பெட்டியில் எனக்குள்ள ஒரே வருத்தம், மாடிக் கச்சேரி முழுசாக அதில் இல்லாதது. அது 2022 ஜனவரியில் தனியாக ஸ்ட்ரீமிங்கில் வந்தது. 'டிக் எ போனி'யின் ஆரம்பத்திலும் முடிவிலும் பாடிய ஒரு வரியை ஸ்பெக்டர் வெட்டியிருந்தார். 'நேக்கட்'டும் அந்த வெட்டையே பின்பற்றியது. மாடிப் பதிவை முழுசாகக் கேட்டால் அந்த வரி மறுபடி கிடைக்கும்.

பெட்டி விலை கட்டுப்படியாகாது என்பவர்கள் ஸ்ட்ரீமிங்கிலேயே நான்காவது வட்டை மட்டும் தேடி வரிசை மாற்றாமல் கேளுங்கள். ஷஃபிள் போட்டால் கெட்டது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் அந்த ஆல்பம் இருக்கிறது. 'நேக்கட்' ஏற்கெனவே வைத்திருந்தால் விற்றுவிட வேண்டாம்.

ஏனென்றால் ஒரே ஒரு பாட்டுக்கு நான் இன்னும் அதைத்தான் எடுக்கிறேன். 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்'. ஸ்பெக்டரும் ஜான்ஸும் எடுத்துக்கொண்டது ஜனவரி 26 டேக். அதில் பாஸ் வாசிக்கும் லெனன் பல இடத்தில் தட்டுத்தடுமாறுவார். பிசகுக்கு இவ்வளவு வக்காலத்து வாங்கிய எனக்கே அங்கே பல் கூசும். 'நேக்கட்'டில் இருப்பது ஜனவரி 31, படத்தில் பார்த்த அதே டேக். லெனனின் பாஸ் அன்று ஒழுங்காக உட்கார்ந்தது. பில்லி பிரெஸ்டன் அடக்கி வாசிக்கிறார். ஒரு வரியில் வார்த்தைகூட வேறு: உனக்கு ஒருபோதும் தெரியாது என்று பழகிய இடத்தில், உனக்கு எப்போதுமே தெரிந்திருந்தது என்று பாடுகிறார் மெக்கார்ட்னி. மேலே வயலின் ஒன்றுகூட இல்லை.